32 கோடுகள்: நுங்கம்பாக்கத்தில் ஒரு பெண்கள் ட்ரா

டென்னிஸ் போட்டி முடிந்ததும் எல்லாரும் யார் ஜெயிச்சாங்கன்னு பார்ப்பார்கள். ட்ரா ஷீட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. புரோகிராமிங் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த ஒரு வடிவம்தான்: தலைகீழாக நிற்கும் ஒரு பைனரி ட்ரீ. இடப்பக்கம் 32 பெயர்கள், வலப்பக்கம் ஒரே பெயர், நடுவில் 31 ஆட்டங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருத்தர் வெளியே போகிறார். 31 பேர் வெளியே போக 31 ஆட்டங்கள்.

2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த சென்னை ஓபன் பெண்கள் ஒற்றையர் ட்ராவும் இதே 32-தான். டபிள்யூடிஏ 250 வகைப் போட்டி. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு இந்தியப் பெண்கள் டென்னிஸின் இருபது வருஷக் கதையைப் படிக்க முடியும் என்று தோன்றியதால் இந்தக் குறிப்பு.

முதலில் ட்ரா எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்துவிடலாம். எல்லாப் பெயரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை 1883-இலேயே ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல்தான் அவர். தொழிலால் கணித ஆசிரியர். 32 பேரில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்க வாய்ப்பு 31-இல் 16 பங்குதான் என்று காட்டினார். காரணம் எளிது. முதல் இடத்துக்காரர் இருக்கும் அதே பாதியில் அவரும் விழுந்துவிட்டால், இறுதி ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் தோற்றுப் போவார். இந்தச் சிக்கலைத் தணிக்க வந்ததுதான் சீடிங். விம்பிள்டனில் முழு சீடிங் 1927-இல் வந்தது. இன்றைக்கு 32 பேர் ட்ராவில் 8 பேருக்கு சீடிங்: முதலாமவர் 1-ஆம் கோட்டில், இரண்டாமவர் 32-ஆம் கோட்டில். மற்ற ஆறு பேருக்கும் தனித்தனி மூலைகள். மீதிப் பேர் குலுக்கலில் எங்கு வேண்டுமானாலும் விழலாம்.

ஆனால் பெரிய கேள்வி எந்தக் கோட்டில் விழுகிறோம் என்பதல்ல, அந்த 32-க்குள் எப்படி நுழைகிறோம் என்பது. மூன்று வழிகள் முக்கியமானவை: தரவரிசை, தகுதிச்சுற்று, வைல்ட் கார்டு. போட்டி நடத்துபவர்கள் தாங்களே கொடுக்கும் இடம்தான் வைல்ட் கார்டு. பெரும்பாலும் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கும், கூட்டத்தை இழுக்கும் பழைய நட்சத்திரங்களுக்கும் போகும். உங்கள் ஊரில் போட்டி நடந்தால்தான் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2022 சென்னை ட்ராவில் வைல்ட் கார்டு பெற்றவர்களில் அங்கிதா ரெய்னா, கர்மன் கௌர் தாண்டி, கனடாவின் யூஜினி புஷார் மூவரும் உண்டு. புஷார் 2014 விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போனவர். காயத்துக்குப் பிறகு திரும்பி வந்துகொண்டிருந்தார். அங்கிதா முதல் சுற்றில் ஜெர்மனியின் தாத்யானா மரியாவிடம் 0-6, 1-6 என்று தோற்றார். மரியா அந்த ஜூலையில்தான் விம்பிள்டன் அரையிறுதி ஆடியிருந்தார். கர்மன், பிரான்ஸின் குளோயி பக்கேயை 4-6, 6-4, 6-3 என்று வென்றார். இரண்டாம் சுற்றில் அவருக்கு எதிரே வந்தவர் புஷார். ஒரு வைல்ட் கார்டு இன்னொன்றை வெளியே அனுப்பியது.

கர்மனின் அந்த ஒரு வெற்றி சின்ன விஷயமா? அன்றைய புள்ளிக் கணக்கைப் பாருங்கள். முதல் சுற்றில் தோற்றால் 1 புள்ளி, இரண்டாம் சுற்றில் தோற்றால் 30. அடிமட்டத்தில் இருக்கும் 15 ஆயிரம் டாலர் ஐடிஎஃப் போட்டியை முழுசாக ஜெயித்தாலே அப்போது 10 புள்ளிதான். அதாவது ஊரிலேயே ஒரு ஆட்டம் ஜெயிப்பது, எங்கெங்கோ அலைந்து மூன்று பட்டம் வாங்குவதற்குச் சமம். சாந்தோமில் இருக்கும் ஒரு பெண் நுங்கம்பாக்கத்துக்குப் போகும் செலவையும், வாரா வாரம் வெளிநாட்டுக்குப் போகும் செலவையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கதவு இந்தியப் பெண்களுக்கு ஒரு காலத்தில் வருஷா வருஷம் திறந்தது. 2003-இல் ஹைதராபாத் ஓபனில் 16 வயது சானியா மிர்சா வைல்ட் கார்டில் நுழைந்து முதல் சுற்றிலேயே தோற்றார். 2004-இல் அங்கேயே லீசல் ஹ்யூபருடன் இரட்டையர் பட்டம். 2005 பிப்ரவரி 12 அன்று அலோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்று, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஒரே ஊர், மூன்று வருஷம், மூன்று படி.

அப்புறம் கொல்கத்தா, பெங்களூரு என்று நகர்ந்த டபிள்யூடிஏ சுற்று 2008 பெங்களூருவோடு நின்றது. நடுவில் புனேயிலும் மும்பையிலும் ஒரு படி கீழான 125 வகைப் போட்டிகள் நடந்தன. ஆனால் 250-க்கோ அதற்கு மேலுக்கோ 14 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கிதா ரெய்னா 1993 ஜனவரியில் பிறந்தவர். கதவு மூடியபோது 15 வயது, திறந்தபோது 29. ஒரு ஆட்டக்காரர் வளரும் வயது முழுக்க இந்த இடைவெளியில் போய்விட்டது.

இதே காலத்தில் ஆண்களுக்கு நிலைமை வேறு. 1997 முதல் 2017 வரை ஒவ்வொரு வருஷமும் சென்னையில் ஏடிபி போட்டி நடந்தது. 2009-இல் வைல்ட் கார்டில் வந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி ஆட்டம் வரை போனார். மரின் சிலிச்சிடம்தான் தோற்றார். நம்ம ஊர் ஸ்டேடியத்துக்குப் பெண்கள் ட்ரா அந்த அளவில் வந்தது 2022-இல்தான்.

அந்த ட்ராவின் வலது ஓரத்தில் கடைசியாக எழுதப்பட்ட பெயர் செக் நாட்டின் லிண்டா ஃப்ரூவிர்டோவா. சீடிங் இல்லாதவர், வயது 17. இறுதி ஆட்டத்தில் போலந்தின் மக்தா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று வென்றார். அவர் பிறந்தது 2005 மே 1. சானியா ஹைதராபாத்தில் ஜெயித்தபோது இந்தப் பெண் பிறக்கவே இல்லை. ஒரு தலைமுறை என்று சும்மா சொல்வதில்லை, இதுதான் அதன் நீளம்.

2023-இலும் 2024-இலும் சென்னையில் இந்தப் போட்டி இல்லை. 2025 அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தது. நவம்பர் 2-ஆம் தேதி இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். 2002-இல் ஏஞ்சலிக் விட்ஜாஜா வென்ற பிறகு இந்தோனேசியாவுக்கு முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் அது. அந்த ட்ராவில் கோவையைச் சேர்ந்த 16 வயது மாயா ராஜேஸ்வரனுக்கு வைல்ட் கார்டு கிடைத்தது. 2003 ஹைதராபாத்தில் சானியாவின் வயதும் அதுதான். சானியாவுக்கு அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அதே ஊரில் ட்ரா இருந்தது. மாயாவுக்கும் அப்படி இருக்குமா என்பது போட்டி நடத்துபவர்கள் கையில்தான் இருக்கிறது.