ஒரே ஆட்டம், பல இராகங்கள்: டெட்ரிஸின் கதை

இலத்திரனியல் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படத்தைப் பற்றியே பேசுவர், ஒலியை மறந்துவிடுவர். டெட்ரிஸ் விடயத்தில் அவ்வாறு மறந்துவிட முடியாது. அதன் ஒவ்வொரு பதிப்பும் எவரது கையில் இருந்தது என்பதை அதன் இசையே காட்டிக் கொடுக்கின்றது.

1984ஆம் ஆண்டு மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணனி நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ், ‘இலெக்ட்ரோனிக்கா 60’ என்ற இயந்திரத்தில் இவ்வாட்டத்தை உருவாக்கினார். அவ்வியந்திரத்திற்குப் படம் வரையும் ஆற்றல் கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டைகள் காட்டப்பட்டன. இசை அறவே இல்லை. மௌனமாகப் பிறந்த ஆட்டம் அது.

மேற்குலகிற்கு அது சென்ற பாதை சிக்கலானது. பிரித்தானியாவில் அதனை வெளியிட்ட மிரர்சொஃப்ட் நிறுவனம், பத்திரிகை அதிபர் ரொபர்ட் மக்ஸ்வெல்லுக்குச் சொந்தமானது. (பத்திரிகைத் தொழிலில் இருந்தோருக்கு அந்தப் பெயர் வேறு காரணங்களுக்காகவும் நினைவிருக்கும்!) அந்நிறுவனத்தின் கொமடோர் 64 பதிப்பிற்கு வொலி பெபன் அமைத்த இசை, 25 நிமிடங்களையும் தாண்டி நீள்வது. அதில் ரஷ்ய நாட்டார் மெட்டைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இருண்ட மண்டபமொன்றில் தனியே நடப்பது போன்ற உணர்வைத் தரும் இசை அது. இவ்வாட்டத்திற்கு அமைந்தவற்றுள் மிகத் துணிச்சலானது அதுவே என்பது எனது கருத்து.

உலகம் நினைவில் வைத்திருப்பதோ வேறொன்றை. 1989இல் நின்டெண்டோவின் ‘கேம் போய்’ கைக்கருவியுடன் வெளிவந்த பதிப்பிற்கு ஹிரோகசு தனாக்கா இசையமைத்தார். இரண்டு துடிப்பலைகள், ஓர் அலைவடிவத் தடம், ஓர் இரைச்சல் தடம் என நான்கே ஒலித்தடங்கள் அவர் வசம் இருந்தன. ஜப்பானில் வெளியான முதற் பதிப்பில் ‘ஏ’ வகை இசையாக வேறொரு மெட்டே இருந்தது. திருத்திய பதிப்பில்தான் ‘கொரொபெய்னிக்கி’ அவ்விடத்தைப் பிடித்தது. ‘சி’ வகை இசை, பாஹ் இயற்றிய பிரெஞ்சுத் தொகுப்புகளுள் மூன்றாவதிலிருந்து எடுக்கப்பட்டது.

‘கொரொபெய்னிக்கி’ என்றால் பெட்டி சுமந்து ஊரூராகத் திரியும் வியாபாரிகள் என்று பொருள். நிக்கொலாய் நெக்ராசொவ் 1861இல் எழுதிய நெடுங்கவிதையின் தொடக்கப் பகுதியே பாடலாக மாறி மக்கள் வாயில் நிலைத்தது. துணிவியாபாரி ஒருவன் கிராமத்துப் பெண்ணொருத்தியைச் சந்திக்கும் காதற் காட்சி அது. கவிதையின் முடிவில் அந்த வியாபாரிகள் காட்டில் கொல்லப்படுகின்றனர். பாடுவோர் அதுவரை செல்வதில்லை. விளையாடுவோருக்கோ சொற்களே இல்லை.

அதே 1989இல் வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் நின்டெண்டோ கருவிக்கு இரு டெட்ரிஸ்கள் மோதிக்கொண்டன. அட்டாரி கேம்ஸின் துணை நிறுவனமான டெங்கென், மே மாதம் தனது பதிப்பை வெளியிட்டது. அதில் இருவர் ஒரே நேரத்தில் ஆடலாம். ‘கலிங்கா’ போன்ற ரஷ்ய மெட்டுகளோடு, பிரட் ஃபுல்லர் ரஷ்யச் சாயலில் புதிதாக இயற்றியவையும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘பிரடின்ஸ்கி’. இயற்றியவர் தம் பெயருக்கே ரஷ்ய வால் ஒட்டிக்கொண்டார்.

ஆனால் உரிமை வழங்கும் சோவியத் அரச நிறுவனமான எலோர்க், தான் விற்றது கணனிக்கான உரிமை மட்டுமே என்றது. செயலி, திரை, வட்டியக்கி, விசைப்பலகை ஆகியவை உள்ளதே கணனி என்று ஒப்பந்தத் திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி கோடிக்கணக்கான டொலர்களின் திசையை மாற்றியது. மக்ஸ்வெல், கொர்பச்சேவ் வரை முறையிட்டும் பயனில்லை. ஜூன் மாதம் அமெரிக்க நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்க, டெங்கென் பதிப்பு கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.

அவ்விடத்தை நிரப்பிய நின்டெண்டோ பதிப்பில் ஒருவர் மட்டுமே ஆடலாம். இசையிலும் ‘கொரொபெய்னிக்கி’ இல்லை. 1892இல் அரங்கேறிய ‘நட்கிராக்கர்’ நடன நாடகத்திலிருந்து சாய்கோவ்ஸ்கியின் சர்க்கரைத் தேவதை நடனம் இடம்பெற்றது. கட்டைகள் உச்சியை நெருங்கும்போது இசை வேகமெடுக்கும். ஆட்டம் என்ற வகையில் டெங்கென் பதிப்பே சிறந்தது என்று வாதிடுவோர் பலர்; அவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. எனினும், 2023 டிசெம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் நிரலே செயலிழந்து உறையும் கட்டம்வரை ஆடிக் காட்டியது நின்டெண்டோ பதிப்பில்தான்.

1992இல் அன்ட்ரூ லொயிட் வெபரும் நைஜல் ரைட்டும் ‘டொக்டர் ஸ்பின்’ என்ற புனைபெயரில் அம்மெட்டை நடனப் பாடலாக்கி, பிரித்தானியத் தரவரிசையில் ஆறாம் இடத்தைப் பிடித்தனர். கேம் போய் பதிப்போ மூன்றரைக் கோடிப் பிரதிகள் விற்பனையானது. இவை நிகழ்ந்த ஆண்டுகளில் பஜித்னோவுக்கு உரிமைப் பணமாக எதுவும் கிடைக்கவில்லை. ஹென்க் ரொஜர்ஸுடன் இணைந்து 1996இல் டெட்ரிஸ் நிறுவனத்தை அமைத்த பின்னரே அவர் கைக்குப் பணம் வரத் தொடங்கியது.