குந்தவை என்றொரு பெயரும், கல்லில் ஏறாத நம் பாட்டிகளும்

சில மாதங்களுக்கு முன் தோழர் ஒருவர் தன் பெண் குழந்தைக்குக் 'குந்தவை' என்று பெயர் வைக்கலாமா என்று எங்களிடம் கேட்டார். அவருடைய இணையருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. தோழருக்குத்தான் தயக்கம். "அது ராசா வீட்டுப் பெயராச்சே, நம் நிலத்தைப் பிடுங்கியவர்களின் பெயரை நாமே நம் பிள்ளைக்கு வைக்கலாமா?" என்றார். கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் சொல்ல நாங்கள் ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருந்தது.

இன்று குந்தவை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 இல் தொடராகத் தொடங்கிய அந்த நாவல் இளைய பிராட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு திரைப்படங்கள் நாவல் படிக்காதவர்களுக்கும் அந்தப் பெயரைச் சேர்த்தன. தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் பெயரில் அரசு மகளிர் கல்லூரியே இருக்கிறது. இருந்தும், பெயரை அறிந்தவர்கள்தான் அதிகம், வைத்துக்கொண்டவர்கள் குறைவு. எங்கள் வட்டத்தில் பூங்குழலிகள் உண்டு, வானதிகள் உண்டு. குந்தவை அரிது. கல்கி தன் கற்பனையில் படைத்த ஓடக்காரப் பெண்ணின் பெயர் மக்களோடு கலந்துவிட்டது. வரலாற்றில் வாழ்ந்த இளவரசியின் பெயரோ அரண்மனை வாசலிலேயே நிற்கிறது.

பெயரின் பொருள் என்ன? முன்பாதிக்கு 'குந்தம்' என்ற முல்லை வகைப் பூவைக் காட்டுவோர் உண்டு. பின்பாதியில் இருப்பது 'அவ்வை'. தாய், மூத்த பெண் என்று மரியாதையாக விளிக்கும் சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வா, அவ்வெ என்று அதே சொல் புழங்குகிறது. பெயரின் வேரும் அந்தப் பக்கம்தான் போகிறது. சுந்தர சோழனின் தந்தை அரிஞ்சயனுடைய அரசியருள் ஒருவர் வீமன் குந்தவை. அவர் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர் குடும்பத்துப் பெண் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுந்தர சோழனின் மகள்தான் நாம் அறிந்த குந்தவை, இராசராசனின் அக்கா. அடுத்து இராசராசன் தன் மகளுக்கும் அதே பெயரை வைத்தான். அவளைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணமுடித்து வேங்கிக்கு அனுப்பினான். அவளுடைய பேரன்தான் பின்னாளில் சோழ அரியணையில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். ஆக, அரச குலங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவு கட்டியபோது அவர்களோடு சேர்ந்து பயணம் செய்த பெயர் இது. தூய தமிழ் வீரப் பெயர் என்று மார்தட்டுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். சாதி மறுப்புத் திருமணத்துக்கு அரிவாள் தூக்கும் ஊரில், மொழி கடந்த திருமணங்களில் வந்த ஒரு பெயர் பெருமைச் சின்னமாகக் கொண்டாடப்படுகிறது!

இராசராசனின் அக்கா சாதாரணப் பெண் அல்லர். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் கோயில் எடுத்தவர். தந்தை பெயரில் தஞ்சையில் நோயாளிகளுக்கு ஆதுலர் சாலை நடத்த அறம் வைத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலில், ஏறக்குறைய 1010 இல் வெட்டப்பட்ட கல்வெட்டில், தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாகத் தன் அக்கா கொடுத்ததைச் சொல்கிறான் மன்னன். மனைவியர் கொடுத்தது அதற்குப் பிறகுதான். அவர் கொடுத்த பொன்னின் எடையும் நகைகளின் கணக்கும் நுணுக்கமாகக் கல்லில் இருக்கின்றன. பெயரும் வெறும் குந்தவை என்று இல்லை. ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்! உள்ளே ஓர் 'அவ்வை', வெளியே ஓர் 'ஆர்'. மரியாதைக்கு மேல் மரியாதை.

அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் 400 பெண்களின் பெயர்கள் உள்ளன. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் அவர்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை என்று தொடங்கி, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று வரிசையாகப் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களை இடம் மாற்றியது அரச ஆணை. அந்த வாழ்வை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பெயர் இருந்தது, அது கல்லிலும் ஏறியது.

நம் பாட்டிகள் எங்கே? அவர்களும் அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஆளாக இல்லை. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், குளம், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. இத்தனை வேலி, இத்தனை மா என்று அளவு இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் ஒருவரின் பெயரும் அந்தக் கணக்கில் இல்லை. சுடுகாட்டைக்கூட வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று என்று பிரித்து எழுதியவர்கள், எரிக்கப்பட்டவர்களின் பெயரை எழுதவில்லை. அன்று பிராமண ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுடைய சேரி அக்கிரகாரமாக உயர்ந்தது. நம்முடையது மட்டும் சேரியாகவே நின்று, வசைச் சொல்லாகவும் ஆனது.

பெயரை மறுப்பது தற்செயலாக நடந்ததல்ல. மனுவின் சட்டம் பிராமணனின் பெயரில் மங்கலமும், சத்திரியனின் பெயரில் வலிமையும், வைசியனின் பெயரில் செல்வமும் இருக்க வேண்டும் என்கிறது. சூத்திரனின் பெயரில் இழிவு இருக்க வேண்டும் என்கிறது. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் நிலையை நாம் விளக்கத் தேவையில்லை. ஊர்த் தெருவில் பத்து வயதுப் பையன் நம் எழுபது வயதுப் பாட்டியைப் பெயர் சொல்லி, "ஏ, இங்க வாடி" என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குந்தவைக்கு 'ஆர்', நம் பாட்டிக்கு 'டி'. ஆயிரம் ஆண்டுச் சாதி வரலாறு இந்த இரண்டு விகுதிகளில் அடங்கிவிடும்.

அதனால்தான் நம் போராட்டங்களில் பெயர் எப்போதும் முன்னால் நின்றது. காத்தவராயன் என்று பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இழிவாக வீசப்பட்ட 'பறையன்' என்ற சொல்லையே 1893 இல் பத்திரிகையின் பெயராக்கி நிமிர்ந்தார் இரட்டைமலை சீனிவாசன். பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்று எம்.சி. ராஜா போராடி 1922 இல் வென்றார். பின்னர் திருமாவளவன் தன் தந்தைக்கே தொல்காப்பியன் என்று பெயர் சூட்டி, ஆயிரக்கணக்கானோருக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் இயக்கத்தை நடத்தினார்.

இந்த வரிசையில் வைத்துத்தான் தோழரின் கேள்விக்குப் பதில் சொன்னோம். சதய விழா வந்தால் சாதிக்கொரு சுவரொட்டி ஒட்டி, இராசராசன் எங்கள் ஆள் என்கிறார்கள். நம்மில் சிலரும் அந்த வரிசையில் இடம் கேட்கிறார்கள். அது வேண்டாம். ஆண்ட பரம்பரைப் பட்டம் யாருக்குக் கிடைத்தாலும், அதற்கு அடியில் ஒரு பறைச்சேரி இருந்தே தீரும். அவன் ஆட்சியில் நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பேசியதற்காக 2019 இல் இயக்குநர் பா. இரஞ்சித் மீது வழக்குப் போட்டார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வாங்கும் பெருமை நமக்கு எதற்கு?

ஆனால் பெயர் வேறு, பரம்பரை வேறு. குந்தவை என்ற பெயருக்கு யாரும் பட்டா போட்டு வைத்திருக்கவில்லை. அதைச் சேரியில் பிறந்த பெண் வைத்துக்கொள்ளும்போது, யாருக்கு எந்தப் பெயர் என்று வகுத்த சட்டம் ஓரிடத்தில் உடைகிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் வாயில் 'அவ்வை' வந்துதான் ஆக வேண்டும்.

பெயரை வையுங்கள் என்றோம். கூடவே ஒன்று கேட்டோம். பிள்ளை வளர்ந்து தன் பெயரின் கதையைக் கேட்கும்போது, தஞ்சைக் கல்வெட்டில் பொன் கொடுத்த குந்தவையாரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பறைச்சேரி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெயரில்லாமல் கிடக்கும் பெண்களையும் சொல்லுங்கள்.

தோழர் சிரித்தார். குழந்தையின் பெயருக்கு முன் தன் பாட்டியின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னார். நடவு நட்டே வாழ்ந்து முடித்த அந்தப் பாட்டியின் பெயர் அரசு ஆவணம் ஒன்றில் ஏறியது, அவருக்குத் தெரிந்து, அதுவே முதல் முறையாம்.