வெள்ளைக்கோல் பிறந்த கதை

பார்வையற்றவர்கள் கோலூன்றி நடப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். அந்தக் கோல் வெள்ளையானது மோட்டார் வண்டி வந்த பிறகுதான். குதிரை வண்டி ஓடிய தெருவில் சத்தம் கேட்டு ஒதுங்க நேரமிருந்தது. கார்கள் பெருகியதும் அந்த நேரம் பறிபோனது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ், 1921-இல் தம் கைத்தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார். வண்டியோட்டிகளின் கண்ணில் அது பளிச்சென்று பட வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல யோசனைதான். ஆனால் ஒருவர் கையில் மட்டும் வெள்ளைத்தடி இருந்தால், அதற்கு என்ன பொருள் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

அதை ஊரறியச் செய்தது ஒரு சேவைச் சங்கம். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் சிகாகோவில் உருவான லயன்ஸ் சங்கம், தொடக்கத்தில் பல வேலைகளைச் செய்துவந்தது. 1925-இல் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயின்ட்டில் நடந்த அதன் மாநாட்டுக்குப் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையற்றோருக்காகக் களமிறங்குங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதை உறுப்பினர்கள் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

1930-இல் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், உள்ளூர் லயன்ஸ் தலைவர் ஜார்ஜ் போனம், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கறுப்புத்தடி கறுத்த சாலையோடு கலந்து, கார் ஓட்டியவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. சங்கம் கோல்களுக்கு வெள்ளை அடித்து, சிவப்புப் பட்டையிட்டு வழங்கியது. அதோடு நிற்காமல் நகரசபையையும் அணுகியது. வெள்ளைக்கோல் ஏந்தி வருபவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று அந்த டிசம்பரிலேயே ஊர்ச்சட்டம் வந்தது. மறு ஆண்டில் மற்ற ஊர்களின் லயன்ஸ் சங்கங்களும் இதைக் கையிலெடுத்தன. அதே 1931-இல் பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற பெண்மணி வெள்ளைக்கோல் வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்குப் பயிற்சியளித்த ரிச்சர்ட் ஹூவர், கோலை நீளமாக்கி, எடையைக் குறைத்து, அதைக் கையாளும் முறையையும் வகுத்தார். வலது கால் முன்னே போகும்போது கோல்முனை இடப்பக்கம் தட்டும். இடது கால் போகும்போது வலப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடும். பள்ளமோ படியோ கைக்குத் தெரிந்துவிடும்.

1964-இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் அக்டோபர் 15-ஐ வெள்ளைக்கோல் பாதுகாப்பு நாளாக அறிவித்தார்.

கண் சிகிச்சை முகாம், கண்தானம், மூக்குக்கண்ணாடி வழங்கல் எனச் சேவைச் சங்கங்கள் உதவும் வழிகள் பல. அவற்றில் வெள்ளைக்கோலுக்குத் தனி இடம் உண்டு. பியோரியா சங்கம் கோலைக் கொடுத்ததோடு, அதைக் கண்டால் நிற்கும் கடமையைப் பார்வையுள்ளவர்களுக்கும் கொடுத்தது. தரையைப் பற்றிக் கோல் அதை ஏந்தியவரிடம் சொல்கிறது. அவரைப் பற்றி அதன் வெண்மை நம்மிடம் சொல்கிறது.

ஆகவே வெள்ளைக்கோலைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள்; வேண்டுமென்றால் உங்கள் கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நம் பங்கை நாம் செய்தால்தான் அந்தக் கோலின் வேலை முழுமையாகும்.