தீயணைப்புக்குத் தனியார் நீர்: காணி உரிமையாளரின் பொறுப்பு

தீயணைப்போர் தனியார் வளவுக் கிணற்றிலோ குளத்திலோ நீர் எடுக்கையில் யாரேனும் காயமுற்றால் காணி உரிமையாளர் பொறுப்பாவாரா என்பது இலங்கையில் உரோம-டச்சுச் சட்டத்தின்படி தீர்க்கப்படும். இழப்பீடு கோருபவர் உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். காணி அவருடையது என்பது மட்டும் போதாது. கட்டில்லாத பாழ்கிணறு, மூடி உடைந்த மலக்குழி போன்ற, இருட்டில் புலப்படாத ஆபத்தை அறிந்தும் எச்சரிக்கத் தவறியவருக்கே சிக்கல். அவர் வீட்டில் இல்லாதபோது நீர் எடுக்கப்பட்டிருந்தால் எச்சரிக்க வாய்ப்பே இருந்திராது. அதையும் கருதுவதே நியாயம்.

அனுமதியின்றி நுழைந்தோர் ‘அவசியம்’ என்னும் எதிர்வாதத்தை முன்வைக்கலாம். ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும். விளைந்த சேதம் தவிர்க்கப்பட்டதை விஞ்சக் கூடாது.

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் இந்தப் பொறுப்பு ஒரு நடைமுறைக் கேள்வி. 2009 இல் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து நேர்வழியில் வரும் வாகனங்கள் மிதவைப் பாதையையே நம்பியிருந்தன. பாலம் வந்த பின்னும், தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் கைகொடுப்பது அயல்வீட்டுக் கிணறுதான். வாளியோடு ஓடிவரும் அயலவருக்கும் மேற்கண்ட விதிகளே பொருந்தும்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் தீயணைப்புத் துறைகள் குள உரிமையாளர்களுடன் முன்கூட்டியே எழுத்தில் உடன்பட்டு, குளத்தில் நிரந்தர உறிஞ்சு குழாய் பதிக்கின்றன. பராமரிப்பும் சேதப் பொறுப்பும் அந்த உடன்படிக்கையிலேயே வகுக்கப்படலாம். இலங்கை உள்ளூராட்சி சபைகளுக்கும் இம்முறை ஏற்றது.