பணக்காரர்களுக்கு விரித்த வலையில் சிக்கிய பிள்ளைகள்

அமெரிக்காவில் ராணுவ வீரர் ஒருவர் பணியில் இறந்துபோனால் குடும்பத்துக்கு இரண்டு வழிகளில் மாதப் பணம் வரும். ஒன்று, 1972இல் உருவான குடும்பப் பென்ஷன் திட்டம். இதற்கு வருமான வரி உண்டு. மற்றது, முன்னாள் வீரர் நலத்துறை தரும் இழப்பீடு. இதற்கு வரி கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு மனைவி இரண்டையும் முழுதாக வாங்க முடியவில்லை. இழப்பீட்டில் வந்த ஒவ்வொரு டாலருக்கும் பென்ஷனில் ஒரு டாலரைக் கழித்துவந்தார்கள். உண்மையில் இது வரியே அல்ல, ஆனாலும் இதற்கு மக்கள் வைத்த பெயர் 'விதவை வரி'! 2003இல் வந்த ஒரு சட்டம் மாற்று வழி காட்டியது. பென்ஷனைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினால் பிடித்தம் இல்லை. பல தாய்மார்கள் அப்படியே மாற்றிக்கொண்டார்கள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பணக்காரர்கள் தங்கள் முதலீடுகளைப் பிள்ளைகள் பெயரில் போட்டு வரியைக் குறைத்துக்கொள்வதைத் தடுக்க, 1986இல் 'கிட்டி வரி' கொண்டுவந்தார்கள். பிள்ளை உழைக்காமல் பெறும் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் பெற்றோரின் வரி விகிதம்தான் அதற்கும். அப்பாவை இழந்த பிள்ளையின் பென்ஷனும் சட்டத்தின் கண்ணில் 'உழைக்காத வருமானம்'தான். ஆனால் தாயின் சம்பளம் சிறியது என்றால் வரியும் சிறியது, அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

2017 வரிச் சட்டம் இதை எளிமையாக்குகிறோம் என்று பெற்றோர் விகிதத்தை எடுத்துவிட்டு, அறக்கட்டளைகளுக்கான விகிதத்தை வைத்தது. 2018இல் அந்தப் பட்டியலில் 12,500 டாலரைத் தாண்டினாலே 37 சதவீதம். தனிநபர் ஒருவர் அந்த விகிதத்தைத் தொட 5 லட்சம் டாலர் சம்பாதிக்க வேண்டும்! ஆண்டுக்கு 15,000 டாலர் பென்ஷன் மட்டுமே வாங்கும் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் வரி சுமார் 3,260 டாலர். தாயின் விகிதம் 12 சதவீதமாக இருந்து, அதன்படி போட்டிருந்தால் சுமார் 1,650தான். யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் நினைவிலேயே இல்லை, அவ்வளவுதான்.

2019 மே மாதம் பிரதிநிதிகள் சபை 417-3 என்ற கணக்கில் திருத்தத்தை நிறைவேற்றியது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் அது சட்டமாக டிசம்பர் 20 ஆகிவிட்டது. மீண்டும் பெற்றோர் விகிதமே வந்தது. 2018, 2019 ஆண்டுகளுக்கும் அதையே தேர்ந்தெடுத்துக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள். அதே நாளில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் விதவை வரியையும் படிப்படியாக ஒழித்தது. 2023 ஜனவரி 1 முதல் பிடித்தம் நின்றது, பிள்ளைகளுக்கு மாற்றிய பென்ஷனும் தாய்மார்களிடமே திரும்பியது.