கம்பி போட்ட பல்லில் ரத்தமா? பிரஷ்ஷை நிறுத்திடாதீங்க!

டீ, பன், மறுபடியும் டீ... பனியன் கம்பெனி ஷிப்ட் இப்படித்தான் ஓடும். முதலிபாளையம் சிட்கோவில் வேலை பார்த்தாலும் சரி, அங்கேயே இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரியில் படித்தாலும் சரி, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் உங்கள் கண் ஈறு மேலேயும் இருக்கணும்.

"கம்பி போட்டதுல இருந்து ஈறு வீங்குது, ரத்தம் வருது" என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி கம்பி இல்லை, அதைச் சுற்றிச் சேரும் பிளேக் எனும் கிருமிப் படலம். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பிரஷ் சரியாக நுழையாது. கடைவாய்ப் பல்லைச் சுற்றி உலோக வளையம் மாட்டியிருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். அதன் விளிம்பு ஈறை ஒட்டியே உட்கார்ந்திருக்கும்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர், ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்றே வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி! மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. கம்பி இல்லாத வாய்க்கே இந்த நிலைமை.

ரத்தத்தைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். பிளேக்குக்குக் கொண்டாட்டம். அங்கேதான் மென்மையான பிரஷ்ஷால், கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, ஈறை நோக்கிச் சாய்த்துத் துலக்கணும். கம்பிக்கு அடியில் நுழைக்க, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கும் இன்டர்டென்டல் பிரஷ் மெடிக்கல் ஷாப்பில் கேளுங்க. நைட் ஷிப்ட் என்றால், படுக்கும் நேரம் காலை எட்டு மணியானாலும் துலக்கிவிட்டே படுங்க. டீ குடித்ததும் வாய் கொப்பளிப்பது நல்லதுதான். ஆனால், அது பிளேக்கை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்க, பல்லில் கறை பிடிக்கும்.

பயப்பட வேண்டியது அடுத்த கட்டத்துக்குத்தான். அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்தால் இழந்தது தானாகத் திரும்பாது. அந்த நிலையில் கம்பி போட்டுப் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையலாம். அதனால், இருபது வயதுக்கு மேல் கம்பி போடுபவர்கள் முதலில் ஈறு பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேலிங்கும் முடிச்சிடுங்க. சிகரெட் பிடிப்பவர்கள் கவனம்: ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும், நோய் வெளியே தெரியாது.

நன்றாகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் நிற்கவில்லையா, ஈறு வளர்ந்து பிராக்கெட்டையே மூடுகிறதா, சீழ் வருகிறதா? கம்பி டைட் பண்ணும் தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்க.