சன்ரூஃப் மாற்றுதல் (கடலோரப் பழைய வண்டிகள்)

வண்டிக் கூரையில் திறந்து மூடும்படி பொருத்தப்படும், இன்று பெரும்பாலும் கண்ணாடியாலான பலகையே சன்ரூஃப். அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1937-இலேயே கார்களில் இதைக் கொடுத்தது. இந்தியப் பெருவண்டிகளில் பரவியது பின்னால்தான். மஹிந்திரா எக்ஸ்யுவி500-க்கு இது 2015-இல் வந்தது. அக்கால வண்டிகள் இன்று கைமாறிப் பழசாகிவிட்டன. இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் பக்கம் அவற்றின் கூரை ஒழுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்ணாடியை அல்ல, அதைத் தாங்கும் தகரத்தையும் நீர் வடியும் குழாய்களையும்.

இப்பகுதிக்கு ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் மேல்காற்று வீசினாலும் வாடை வீசினாலும் உப்பு வந்து சேரும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரையும். ஆகவே மழையில்லாத இரவிலும் தகரத்தின்மேல் உப்புநீர்ப் படலம் நிற்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிமானத்தை ஆராய மண்டபத்தைக் களமாகக் கொண்டது இதனால்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. வண்டிக் கூரைக்கோ மெல்லிய பெயிண்ட்தான் காவல்.

அமைப்பு. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் நீரை முழுமையாகத் தடுப்பதில்லை. அது அதன் வேலையும் அல்ல. கசியும் நீர் கீழேயுள்ள தட்டில் சேர்ந்து, மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள் வழியே வெளியேறும். இராமேசுவரம் தீவின் அரிச்சல்முனைச் சாலையில் பறக்கும் மணல் இக்குழாய்களை அடைத்துவிட்டால் நீர் சீலிங் துணியில் ஊறும். எனவே எதையும் வாங்குமுன் தட்டின் ஒரு மூலையில் ஒரு தம்ளர் நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னாலோ கதவுக் கீல் பக்கமோ அது சொட்டினால் குழாய் சரி. சொட்டாவிட்டால் அடைப்பை எடுக்க வேண்டும்; ஆனால் கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் உள்ளுக்குள் கழன்றுவிடும். மெல்லிய நைலான் நரம்பே போதும்.

கழற்றுதல். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்தே சீலிங்கைத் தொட வேண்டும். கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் சீலிங்கைப் பிரிக்கத் தேவையில்லை. ஓரத் திருகாணிகளைக் கழற்றி மேலே தூக்கிவிடலாம். இக்கரையில் சிக்கல் அந்தத் திருகாணிகளில்தான். கண்ணாடி நகரும் அலுமினிய ரெயிலும் எஃகுத் திருகாணியும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, திருகாணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு ஊறவைப்பது நல்லது. வலிந்து திருகினால் தலை வழுக்கும்; பிறகு டிரில்தான் கதி.

தகர வேலை. அவசரப்படுவோர் துருவின்மேல் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும்; அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் எழும். சரியான முறை, துருவைச் சுரண்டி, வெறும் தகரம் தெரியத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைப்பது. உவர்ப்பான ஆழ்குழாய் நீரில் கழுவினால் உப்பு தகரத்திலேயே தங்கிவிடும். பிறகு இரு பாக எபாக்சி பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் பெயிண்ட். திறப்பின் விளிம்பு ஓட்டையாகிவிட்டிருந்தால் வெல்டிங் தேவை. அதை வீட்டில் செய்ய முனையாமல் டிங்கரிடம் கொடுப்பதே நல்லது.

பொருத்துதல். புதிய கண்ணாடியின் முன்விளிம்பு கூரையைவிட இம்மியளவு தாழ்ந்தும் பின்விளிம்பு இம்மியளவு உயர்ந்தும் இருந்தால் காற்றிரைச்சல் குறையும். மின்மோட்டார் உள்ள வகையில், வண்டிக் கையேட்டில் உள்ளபடி திறப்பெல்லையை மீண்டும் பதியவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி பாதியில் நிற்கும்.

சட்டம். இருந்ததை அதே வகையால் மாற்றுவது பழுதுபார்ப்பு. சன்ரூஃப் இல்லாத வண்டியின் கூரையை வெட்டிப் புதிதாக வைப்பது வேறு. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், காய்வதற்கு நாள் கிடைக்கும்படி இவ்வேலையைக் கோடையிலேயே வைத்துக்கொள்வது வசதி. ரெயிலுக்குச் சிலிகோன் கிரீஸ் இடலாம். கெட்டி கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.